தரம் பிரித்த லாரி

இது நடந்த கதை. போடி ஜீப்பு ஸ்டாண்டில் பெரியம்மாள் கடை டீயைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொன்னால் டீ திரிந்துபோகும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் சத்தியத்தோடு ஆரம்பிக்கலாம். ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்வதில்லை.

சரி, ஒரு சொல்கூட என்பது கொஞ்சம் அதிகம். லாரியின் உயரம், டயரின் அகலம், அது கிளம்பிய சத்தம் எத்தனை ஊர் தாண்டிக் கேட்டது, இதிலெல்லாம் அங்கங்கே ஒரு முழம் நீளும். நீளாவிட்டால் அது கதையா, கரண்டு பில்லா? ஆனால் கற்பகத்தின் செடிகள் விஷயத்தில் ஒரு இலையைக்கூட நீட்டவில்லை. நீட்டுவதற்கு அங்கே இலை மிச்சமில்லை.

கேட்க உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரி பெரியம்மாள். அவள் புருஷன் பிச்சைமணி, டீ ஆற்றுகிறவன். போடிமெட்டுக்கு ஆள் சேரட்டும் என்று ஜீப்பை நிறுத்திவிட்டு பெஞ்சில் காலை நீட்டியிருந்த பாண்டியராஜன்.

"லாரிய மட்டும் அளவாச் சொல்லுண்ணே. போன தடவ நீ சொன்ன யானைக்கு நாலு தந்தம் இருந்துச்சு" என்றான் பாண்டியராஜன்.

அளவாகவே சொல்லலாம். முதலில் கன்னையன்.

கன்னையன் ராசிங்காபுரத்தில் பிறந்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. போடிக்கு வந்து ஏலக்காய்க் குடோனில் மூட்டை தூக்கப் போனான். முப்பது வருஷம். அவன் முதுகில் ஏறி இறங்கிய காயை ஒரே இடத்தில் கொட்டினால் போடிமெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மெட்டு எழும்பி, அதற்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவு போட வேண்டியிருக்கும். ஆள் குள்ளம். கோபப்படத் தெரியாது. யாராவது காலை மிதித்துவிட்டால், தன் கால் அங்கே இருந்ததற்கு மன்னிப்புக் கேட்பான். அவனுக்கு ஓட்டத் தெரிந்த ஒரே வண்டி ஒரு மொபெட்டு. அதையும் இறக்கத்தில் தள்ளித்தான் கிளப்புவான்.

அவன் பெண்டாட்டி கற்பகம் அதே ஊரில் வேறொரு குடோனில் காய் தரம் பிரிப்பவள். முறத்தில் காயைப் பரப்பி, பெரிசு ஒருபக்கம், சின்னது ஒருபக்கம், பச்சை ஒருபக்கம், வெளிறியது ஒருபக்கம் என்று ஒதுக்கும் வேலை. இருபத்தேழு வருஷம். கண்ணைக் கட்டிவிட்டு உள்ளங்கையில் ஒரு காயை வைத்தால் எட்டு மில்லிமீட்டர் பருமனா ஏழா என்று சொல்வாள். எந்தச் சரிவில் விளைந்தது, பறித்தவளுக்கு அன்றைக்குக் காய்ச்சலா இல்லையா என்பதுவரை சொல்வாள். அந்தக் கடைசி விஷயம் மட்டும் நீட்டிய முழம்.

கோடிக்கணக்கான காய் அவள் விரலில் உருண்டிருக்கிறது. ஒன்றுகூட அவளுடையதில்லை. ஒரே ஒரு தடவை தன் காயைத் தன் முறத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு யாரும் கேட்டதில்லை.

ராசிங்காபுரத்து நிலத்தில் கன்னையனுக்கு வந்த பங்கை விற்று, போடிமெட்டு தாண்டி ஊசிப்பாறைச் சரிவில் இரண்டு ஏக்கர் வாங்கினார்கள். கற்பகம் லீவு நாளெல்லாம் மலையேறி எண்ணூறு ஏலச்செடி நட்டாள். எண்ணூறுக்கும் அவள்தான் குழி வெட்டினாள், அவள்தான் இலைதழை போட்டாள். மூன்றாவது வருஷம் செடி ஆள் உயரம் வந்துவிட்டது. வருகிற ஆடியில் முதல் காய். முறம்கூடப் புதுசாக வாங்கி, மஞ்சள் தடவி, பரண்மேல் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றியது. ஐப்பசி அடைமழை அரைநாள் பெய்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது. செடிக்குத் தண்ணீர் கொடுக்கக் குழி வெட்டி, படுதா விரித்துத் தேக்கிவைத்த குளம் தையிலேயே முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. சரிவின் அடியில், தார்ரோட்டோரம் ஓடையில் தண்ணீர் இருக்கிறது. அங்கிருந்து தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர். அது பாதை இல்லை, சுவர். நம்ம பாண்டியராஜனே ஐந்நூறு லிட்டர் டேங்க்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முயற்சி பண்ணினான். பாதித் தூரம் ஏறினான், முக்கால் தூரம் பின்னால் வந்தான்.

"பிரேக்கு போயிருச்சுண்ணே!" என்றான் பாண்டியராஜன்.

"பிரேக்கு போகல, நீதான் குதிச்சுப் போயிட்ட" என்றாள் பெரியம்மாள்.

அப்போதுதான் கற்பகத்தின் தம்பி முத்துக்கண்ணன் ஒரு சேதி கொண்டுவந்தான். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். தேனி பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் மிலிட்டரிக்காரர்கள் கழித்துவிட்ட லாரி ஒன்று நிற்கிறது. முன்சக்கரம் பின்சக்கரம் நாலும் இழுக்கும். நாலாயிரம் லிட்டர் தண்ணீரோடு சுவரிலும் ஏறும்.

போய்ப் பார்த்தார்கள். லாரியா அது? நம்ம பஸ் ஸ்டாண்டை அப்படியே தூக்கி அடியில் சக்கரம் மாட்டியது போல் நின்றது. டயர் கன்னையனைவிட ஒரு சாண் உயரம். டிரைவர் சீட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு வேப்பமரம் வளர்ந்து, அதில் காக்காய் கூடு கட்டிக் குடும்பம் நடத்தியது. சரி, வேப்பங்கன்று. காக்காய் சும்மா உட்கார்ந்திருந்தது.

"மச்சான், இது பனிமலையில பீரங்கி இழுத்த வண்டியாம்" என்றான் முத்துக்கண்ணன்.

"யாரு சொன்னா?"

"விக்கிறவருதான்."

"விக்கிறவரு வேற என்ன மாப்ளே சொல்லுவாரு? எருமைமாடு இழுத்துச்சுன்னா சொல்லுவாரு?"

இருந்தாலும் கன்னையன் டயரைத் தொட்டுப் பார்த்தான். அதன் பள்ளத்துக்குள் அவன் கை மணிக்கட்டுவரை போனது. இந்தக் கால் வழுக்காது என்று அவன் மனசுக்குத் தோன்றியது. ஒரு டிராக்டரைக் கட்டி இழுத்துவந்து, ரயில்வே கேட்டுப் பக்கம் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலிமனையில் நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. கற்பகம் முந்தானையால் லாரியின் முன்விளக்கைத் துடைத்துப் பார்த்தாள்.

"எப்ப ஓடும்?"

"பங்குனி பொறக்கையில தண்ணியோட மேல நிக்கும் புள்ள."

"பங்குனிவரைக்கும் குளத்துத் தண்ணிய வச்சு ஓட்டிரலாம். அதுக்கு மேல தாங்காதுங்க."

அதுதான் கணக்கு. பங்குனி தாண்டினால் செடி தாங்காது.

லாரி மெக்கானிசம் இருவருக்கும் தெரியாது. முத்துக்கண்ணன் போனில் வீடியோ பார்த்தான். வீடியோவில் பேசியவர் இந்தியில் பேசினார். இவர்கள் அவர் கையை மட்டும் பார்த்தார்கள். அவர் கழற்றினால் கழற்றினார்கள், அவர் டீ குடித்தால் டீ குடித்தார்கள். இன்ஜினுக்குள் மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி ஊறப்போட்டு, பத்தாவது நாள் அது அசைந்தபோது கன்னையன் சூடம் கொளுத்தினான். டீசல் டேங்குக்குள் இருந்த குளவிக் கூட்டுக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஜீப்பு மெக்கானிக் வேலுச்சாமி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எட்டிப் பார்த்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் வார்த்தை பேசுவார், அதில் ரெண்டு வேலையைப் பற்றி இருக்கும்.

"இன்ஜின விடுங்கப்பா, அது ஓடிரும். முன்சக்கரம் உள்ள இறுகிக் கெடக்கு. பிரிக்காம நாலும் இழுக்காது. பிரிக்கையில எது எங்க இருந்துச்சுன்னு பாத்து வைய்யி. இந்த மாதிரி வண்டியில ஒரு சக்கரத்துத் தகடு இன்னொரு சக்கரத்துக்குச் சேராது."

அதையும் செய்தார்கள். நாலு சக்கரத்தையும், முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் இரண்டாவது கியர்பெட்டியையும் பிரித்தார்கள். காலிமனை ஓரத்தில் இருந்த சிமெண்டுத் தரையில் சாக்பீசால் ஐந்து வட்டம் போட்டு, அந்தந்தச் சாமானை அந்தந்த வட்டத்துக்குள் குவித்தான் முத்துக்கண்ணன். பேரிங்கு, வாஷர், நட்டு, போல்ட்டு, மயிரிழை கனத்தில் தகடுகள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் இருபது வருஷத்துக் கிரீசில் கருகருவென்று ஒட்டிக் கிடந்தது.

கற்பகம் வேலை முடிந்து வந்து பக்கத்தில் குத்தவைப்பாள். "நான் என்னமாச்சும் செய்யட்டா?"

"நீ தொடாத அக்கா. இது வேற சோலி" என்பான் தம்பி.

அப்புறம் ஆயில் சீல் வாங்க ஆண்கள் இருவரும் மதுரைக்குப் போனார்கள். கடைகடையாக ஏறி இறங்கி இரண்டு நாள் ஆகிவிட்டது. மாசி மாசம் கடைசி வாரம் அது. திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால், காலிமனை கல்யாண வீடு மாதிரி இருந்தது. தரை கழுவித் துடைத்திருந்தது. வட்டம் ஒன்றுகூட இல்லை. வாசல் பக்கம் ஒரு கோலம் வேறு. லாரிக்கு முன்னால் பன்னிரண்டு தட்டு வரிசையாக வைத்திருந்தது. முதல் தட்டில் பெரிய போல்ட்டு, அடுத்ததில் அதைவிடச் சின்னது, அதற்கடுத்து இன்னும் சின்னது. நட்டுகள் தனி, வாஷர் தனி, தகடு கனம்வாரியாகத் தனி. ஒவ்வொன்றும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பேப்பர் விரித்து அடுக்கி, வெள்ளிச் சாமான் போல மின்னியது. தட்டுகளின் ஓரத்தில் சாக்பீசால் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று எழுதியிருந்தது.

கற்பகம் பக்கத்தில் நின்றாள். நகமெல்லாம் கறுப்பு. இரண்டு நாள் தூங்காத முகம்.

"கண்ணாலயே அளந்துட்டேன். ஒண்ணு தப்பிருக்காது. நல்லாருக்கா?"

முத்துக்கண்ணன் வாய் திறந்தான். "அக்கா, நீ என்ன…" அதற்குள் கன்னையன் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். மூட்டை தூக்கிய கை. முத்துக்கண்ணனுக்கு எலும்பு நொறுங்கியது போலிருந்தது, வாய் தானாக மூடிக்கொண்டது.

கன்னையன் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தன் வீட்டுச் சாமானைத் தரம் பிரித்திருக்கிறாள். இதைப் போய்த் தப்பு என்று சொல்ல எந்த வாயால் முடியும்?

"இந்த மாதிரி போடியிலயே ஒருத்தரும் பண்ணியிருக்க முடியாது புள்ள" என்றான்.

கற்பகம் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. கடைக்குப் போய்க் கறி எடுத்துவருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் முத்துக்கண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "போச்சு மச்சான். எல்லாத்தையும் கலந்துருச்சு."

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

"ஏன் மச்சான்?"

"அவ தாங்க மாட்டா."

இரண்டு பேரும் அவசர அவசரமாகத் தட்டுகளைத் தார்ப்பாயில் கவிழ்த்தார்கள். நடுவில் வந்த பேப்பரையெல்லாம் கசக்கி எறிந்தார்கள். குவியலைக் கிளறிக் கிளறி, இது இடது சக்கரத்ததா வலது சக்கரத்ததா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கற்பகம் கறியோடு வந்தபோது கன்னையன் சிரித்துக்கொண்டே, "மாட்ட ஆரம்பிச்சுட்டோம்" என்றான்.

மறுநாள் அவள் மலைக்குப் போனாள். குளம் கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டது, கூடவே இருந்து சிக்கனமாக ஊற்றவேண்டும் என்று குடோனில் லீவு சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு நாற்பத்துமூன்று நாள். அந்த லாரியின் இடதுபக்க நட்டெல்லாம் எதிர்த்திசையில்தான் இறுகும். வலதுபக்க நட்டு நேராக. பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டும், கழற்ற வேண்டும், அடுத்ததை மாட்ட வேண்டும். தகடுகள் அதைவிட மோசம். ஒரு தகடு கூடினால் சக்கரம் சுற்றாது, ஒரு தகடு குறைந்தால் சக்கரம் ஆடும். கன்னையன் காலையில் குடோனில் மூட்டை தூக்கி, மத்தியானம் வந்து நட்டைத் தூக்கினான். ஆயிரத்துச் சொச்சம் துண்டில் ஒவ்வொன்றையும் பத்துத் தடவையாவது மாட்டியிருப்பான். இதில் நீட்டல் இல்லை.

ஊசிப்பாறைமேல் ஏறினால்தான் அங்கே டவர் கிடைக்கும். தினம் நாலு மணிக்குக் கற்பகம் பாறையேறிப் போன் பண்ணுவாள்.

"லாரி என்னாச்சு?"

"முடிஞ்சிருச்சு புள்ள. ஒரு சாமான் கோயமுத்தூர்லருந்து வரணும். அதுக்குத்தான் காத்துக் கெடக்கோம்."

அப்படி ஒரு சாமானும் இல்லை, கோயமுத்தூரில் யாரும் இல்லை. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். குளம் வற்றியதும் அவள் ஓடையிலிருந்து குடத்தில் சுமக்க ஆரம்பித்தாள். சுவர் போன்ற சரிவில் இரண்டு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஐந்து நடை. எண்ணூறு செடிக்கு ஐந்து குடம்.

"மேல் வரிசையில நுனி மஞ்சளாயிருச்சுங்க. அந்தக் கோயமுத்தூர்க்காரன் நல்லாருப்பானா? எத்தன நாளு ஏமாத்துவான்?"

மறுநாள் அவளே, "நேத்து சாபம் விட்டுட்டேன். மனசு கேக்கல. அவருக்கு என்ன கஷ்டமோ" என்றாள். அதற்கடுத்த நாள், "அவரு நம்பரு குடுங்க, நான் கேக்குறேன்" என்றாள்.

கன்னையன் அடுத்த பொய்யை எடுத்தான். "அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு புள்ள. நெஞ்சுவலி."

அவள் சொன்னாள்: "அய்யோ பாவம். அவசரப்படுத்தாதீங்க."

தோட்டத்து எல்லைக்கல்லில் ஒரு சாமி வைத்திருந்தாள். அன்றிலிருந்து தினம் ஒரு குடத்தில் ஒரு சொம்பு எடுத்து அந்தக் கல்லுக்கு ஊற்றினாள், இல்லாத ஒரு மனுசனின் நெஞ்சுவலி தீரட்டும் என்று. அந்தச் சொம்புத் தண்ணீருக்கு ஒரு செடி அன்றைக்கு நனைந்திருக்கும். கன்னையன் இதைக் கேட்ட அன்று லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்றான். முத்துக்கண்ணன் அழுக்குத் துணியை நீட்டினான்.

ஒருநாள் மட்டும் முத்துக்கண்ணன், "சொல்லிரலாம் மச்சான்" என்றான்.

"இத்தன நாள் கழிச்சா? செடி காயுறதே தன்னாலதான்னு நெனச்சிருவா. வேணாம்."

சித்திரை பிறந்து எட்டாம் நாள் லாரி கிளம்பியது. சத்தம் ராசிங்காபுரம் வரைக்கும் கேட்டு, அங்கே உழுதுகொண்டிருந்த டிராக்டர் வெட்கப்பட்டு நின்றுவிட்டது. கனரக லைசென்ஸ் இருந்ததால் வேலுச்சாமி ஓட்டினார். போடிமெட்டு வளைவுகளில் எதிரே வந்த ஜீப்பெல்லாம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. ஓடையில் நாலாயிரம் லிட்டர் பிடித்தார்கள். சுவர் போன்ற அந்தப் பாதையில், பாண்டியராஜன் ஜீப்பு பின்னால் வந்த அதே வளைவில், நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வின. லாரி ஒரு தடவைகூட வழுக்கவில்லை. கன்னையன் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறுது மாப்ளே, ஏறுது!" என்று கத்திக்கொண்டே வந்தான்.

கடைசித் திருப்பத்தில் கத்துவதை நிறுத்தினான்.

மேல் வரிசை, நடு வரிசை, கீழ் வரிசை என்று வித்தியாசமே இல்லை. ஏலத்தட்டை ஒவ்வொன்றும் இடுப்பில் மடங்கி மண்ணைத் தொட்டுக் கிடந்தது. இலைகள் பீடியாகச் சுருண்டிருந்தன. காற்றடித்தால் பேப்பர் சத்தம் வந்தது. கற்பகம் எல்லைக்கல் பக்கத்தில் காலி குடத்தின்மேல் உட்கார்ந்திருந்தாள். உச்சந்தலையில் சும்மாடு வைத்த இடத்தில் முடி உதிர்ந்திருந்தது. லாரியைப் பார்த்து எழுந்தாள்.

"வந்துருச்சா? அந்தக் கோயமுத்தூர்க்காரரு எப்படியிருக்காரு?"

"நல்லாருக்காரு" என்றான் கன்னையன்.

"ஊத்துங்க. இவ்வளவு தூரம் வந்த தண்ணி. வேர்ல உசிரு இருந்தாலும் இருக்கும்."

ரப்பர் குழாயை விட்டு ஊற்றினார்கள். காய்ந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. வேலுச்சாமிக்குச் சும்மா நிற்கத் தெரியாது. லாரிக் கதவில் சாய்ந்தபடி ஆரம்பித்துவிட்டார். மனசில் கள்ளமில்லாத மனுசன். அவரிடம் சத்தியம் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"இருந்தாலும் தங்கச்சி, இரும்பையும் ஏலக்காய்னு நெனச்சு தரம் பிரிச்சியே! நாலு சக்கரத்துச் சாமானும் ஒண்ணாக் கலந்துருச்சு. அத எடத்துல சேக்கத்தானே இவனுக நாப்பத்திமூணு நாளு முட்டி தேஞ்சானுக? எந்த ஊர்லயாவது…"

முத்துக்கண்ணன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். நேரம் கடந்துவிட்டது.

கற்பகம் கன்னையனைப் பார்த்தாள். "கலந்துருச்சா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"எப்படிங்க கலக்கும்? பேப்பர் போட்டிருந்தேன்ல?"

"எந்தப் பேப்பரு?"

"தட்டுல அடுக்கடுக்கா. ஒரு தோட்டத்துக் காயி இன்னொரு தோட்டத்துக் காயோட கலக்கப்பிடாதுல்ல? கூடத்துல அப்படித்தான பண்ணுவோம். தரம் ஒண்ணா இருந்தாலும் காய்க்குச் சொந்தக்காரரு வேற. நடுவுல ஒரு பேப்பரு விரிப்போம். ஒங்க அஞ்சு வட்டத்துக்கும் அஞ்சு அடுக்கு. அடியில இடது முன்சக்கரம், அதுக்கு மேல வலது முன்சக்கரம், அப்புறம் பின்சக்கரம் ரெண்டு, மேலாப்புல பெட்டிச் சாமான். எல்லாத் தட்டுலயும் அதே வரிசதான்."

கன்னையன் முப்பது வருஷம் குடோனில் மூட்டை தூக்கினான். தரம் பிரிக்கும் கூடத்துக்குள் அவன் ஒருநாளும் போனதில்லை. மூட்டைக்காரர்களுக்கு வாசலோடு சரி.

"பேப்பர எல்லாம் என்ன பண்ணுனீங்க?"

முத்துக்கண்ணன்தான் சொன்னான். "கசக்கி எறிஞ்சுட்டோம் அக்கா. எண்ணெ உறிஞ்சப் போட்டிருக்கன்னு நெனச்சோம்."

குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. யாரும் பிடிக்கவில்லை.

"நல்லாருக்கானு கேட்டேன்" என்றாள் கற்பகம். "நல்லாருக்குன்னீங்க. புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன்."

"நீ மனசு ஒடஞ்சிருவியேன்னு…"

"'ஏன்டி இப்படிப் பண்ணுன'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. நான் முட்டாத்தனம் பண்ணிட்டேன்னு முடிவே கட்டிட்டீங்க. பண்ணிட்டுச் சிரிச்சீங்க. அந்த ஆளு ஆஸ்பத்திரியில இருக்காரா?"

"அப்படி ஒரு ஆளே இல்ல புள்ள."

அவள் கத்தவில்லை, அழவில்லை. அழுதது கன்னையன். முத்துக்கண்ணன் கண்ணெதிரே, வேலுச்சாமி கண்ணெதிரே, ஈரமண்ணில் முட்டி போட்டு அழுதான். கற்பகம் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். லாரிப் பக்கம் திரும்பவில்லை. தார்ரோடு வரைக்கும் நடந்து, அங்கே ஒரு ஜீப்பைக் கைகாட்டி ஏறினாள்.

அவளைப் போடியில் இறக்கிவிட்டது பாண்டியராஜன்தான். அவனுக்கே இப்போதுதான் விஷயம் தெரியும். அவன் பெஞ்சிலிருந்து காலைக் கீழே இறக்கிவிட்டான்.

வைகாசியில் மழை வந்தது. எண்ணூறில் பதினொரு செடி வேரிலிருந்து துளிர்த்தது. கன்னையன் லாரி ஓட்டப் பழகிக்கொண்டான். ஒவ்வொரு கோடையிலும் யார் தோட்டம் காய்ந்தாலும் அந்த லாரிதான் தண்ணீரோடு ஏறுகிறது. அது ஏறாத சரிவு இந்த மலையில் இல்லை. கற்பகம் குடோன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். சோறு பொங்குகிறாள், அவனுக்குப் போடுகிறாள், அவன் கேட்டால் பதில் சொல்கிறாள். மலைக்குப் போகும்போது அவன் லாரியில் போகிறான், அவள் ஜீப்பில் போகிறாள். ஒரு தடவைகூட அந்தப் படியில் கால் வைத்ததில்லை. அவன் எதையாவது நல்லாருக்கு என்று சொன்னால், குழம்பானாலும் சேலையானாலும், அவள் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறாள். கன்னையன் இப்போதெல்லாம் எதையும் நல்லாருக்கு என்று சொல்வதில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. முதலில் பேசியது பிச்சைமணி.

"கன்னையன் மேல என்ன தப்பு? பொண்டாட்டி மேல உள்ள பாசத்துல மறச்சான். எவன் இந்தக் காலத்துல இப்படி இருப்பான்?"

"பாசமா?" பெரியம்மாள் வடிகட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "இருபத்தேழு வருசம் தொழில் பாத்தவ ஒரு காரியம் பண்ணுனா, அதுல ஒரு ரோசன இருக்கும்னு தோணல பாரு. அதுக்குப் பேரு பாசமா?"

"பேப்பரு போட்டிருக்கேன்னு அவளாச்சும் சொல்லியிருக்கலாமுல்ல?"

"கேட்டாத்தான சொல்லுவா! நல்லாருக்குன்னு அவன் முடிச்சுட்டான்ல!"

"அத்தே, அவன் நாப்பத்திமூணு நாளு ஒழச்சிருக்கான்…" என்று பாண்டியராஜன் நடுவில் வந்தான்.

"நீ சும்மா இரு. அவ நாப்பத்திமூணு நாளு கொடம் சொமந்திருக்கா. கொடத்த ஒரு நா தூக்கிப் பாரு, அப்புறம் பேசு."

"பொம்பளைகளுக்கு உள்ளதச் சொன்னாலும் கோவம், சொல்லாட்டியும் கோவம்" என்றான் பிச்சைமணி. "அதுக்குத்தான் நாங்க சிலதச் சொல்லாமலே விட்டுர்றது."

பெரியம்மாள் கை நின்றது. "சிலதுனா? எத?"

"அட, பேச்சுக்குச் சொன்னேன்டி."

"பேச்சுக்குச் சொல்ற மூஞ்சியா இது? பாண்டியராஜா, இந்தாளு எங்கிட்ட என்னத்த மறச்சாரு? ஒனக்குத் தெரியும், சொல்லு!"

"எனக்கொண்ணும் தெரியாது அத்தே!"

"அவனுக்குத் தெரியாமலா எந்திரிச்சு நிக்கிறான்?" என்று பெரியம்மாள் கத்த, "எந்திரிச்சா தப்பா அத்தே? ஆளு சேந்துருச்சு, நான் வண்டி எடுக்கணும்" என்று அவன் கத்த, ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த எஸ்டேட்டுப் பெண்கள் நாலு பேர் என்ன சண்டை என்று கேட்டு இறங்கி வந்தார்கள். கதையைப் பாதி கேட்டதும் இரண்டு பேர் கற்பகம் பக்கம் பேச, ஒருத்தி கன்னையன் பாவம் என்று சொல்லிவிட, அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பக்கத்திலிருந்தவள் பிடுங்கிக் கீழே வைத்து, "அவன் பாவம்னா, கொடம் சொமந்தவ யாரு? நீ மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுடி!" என்றாள்.